விடியும்வரை உட்காரச் சொன்னவர்

காவல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, துப்பாக்கியைக் கையில் பிடிப்பதைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எப்போது தூக்கலாம், எப்போது சுடலாம், சுட்டால் யார் விசாரிப்பார்கள், சுடாமல் விட்டால் யார் விசாரிப்பார்கள் என்றெல்லாம். துப்பாக்கிக்கு எதிரே நின்றது உண்டா என்று மட்டும் உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. உண்டு. ஐம்பதுகளில், மைசூர் எல்லையை ஒட்டிய பேரிகைப் பக்கம், ஒரு களத்துமேட்டில் நின்றேன். இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உங்களுக்கு இதை எழுத உயிரோடு இருப்பது, எதிரே நின்ற மனிதர் விசையை இழுக்காமல் விட்டதால்தான். அவர் போலீஸ்காரர் இல்லை. ராகி பயிரிட்டவர்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். படிப்பு ஏறாமல் இல்லை. வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. சுபாவத்திலேயே எதற்கெடுத்தாலும் கவலைப்படுவேன். கதவைத் தாழ் போட்டேனா என்று பாதி வழியில் திரும்பிப் போவேன். அணிவகுப்பில் நிற்கும்போது சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கூட இருந்தவர்கள் எனக்கு ‘விசாரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “விசாரம் வந்தாச்சு, இனி மழை வரும்” என்பார்கள். இப்படிப்பட்டவன் போலீசில் எதற்குச் சேர்ந்தான் என்று கேட்காதீர்கள். சம்பளம் மாதாமாதம் வரும் என்றார்கள், அந்த ஒரு கவலையாவது தீரட்டும் என்று சேர்ந்தேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான இன்ஸ்பெக்டர். பிரிவுகளைப் பாட்டு மாதிரி ஒப்பிக்க வைப்பார். மற்றதெல்லாம் எனக்கு எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. ஒன்றில் மட்டும் சிக்கிக்கொண்டேன். தன்னுயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ளலாம். போலீசுக்கும் இந்த உரிமை உண்டு, வயலில் நிற்கிறவருக்கும் உண்டு. எனக்கோ எப்போதுமே அச்சம்தான். அப்படியென்றால் நான் எப்போது வேண்டுமானாலும் சுடலாமா? எழுந்து கேட்டே விட்டேன்.

“ஐயா, எனக்கு எப்பவும் பயமாத்தான் இருக்கும். அதுல எது நியாயமான பயம்னு எப்படித் தெரியும்?”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“உன் பயத்தைச் சட்டம் கேக்கலப்பா. உன் எடத்துல ஒரு சாதாரண மனுசன் நின்னா அவனுக்கும் அந்தப் பயம் வருமான்னு கேக்குது. அதனால நீ உன்னை விட்டு வெளிய வந்து நின்னு பாக்கணும்.”

அன்றைக்கு அது எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரிய வைத்தவர் வேறொருவர்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், சாராயக் கடை திறந்திருந்தது. நடுவில் இருந்தது வெறும் வயல்காடுதான். நீங்கள் இன்றைக்குத் தொழிற்சாலை வாசலில் ஷிப்டு மாறும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இடமெல்லாம் அப்போது ராகியும் கொள்ளும்தான். தைக்கு முன்னால் அறுப்பு முடிந்து வைக்கோல் வண்டிகள் போகும். வைக்கோலுக்குள் சாராயப் பானைகளும் போகும். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிட்டு, விடிவதற்குச் சற்று முன்னால், பனியோடு பனியாக ஓட்டிப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் துப்பு வந்தது. பேரிகைக்கு அப்பால் இன்ன வண்டித்தடத்தில் விடியற்காலை வண்டி வருகிறது என்று. எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்போடு ரோட்டில் நின்றுகொண்டார். ஏட்டையாவும் இன்னொரு காவலரும் ஏரிக்கரைப் பக்கம். நானும் பேச்சிமுத்து அண்ணனும் வண்டித்தடத்தை ஒட்டியிருந்த களத்துமேட்டுப் பக்கம். எல்லோரும் மப்டி. வேட்டியும், மேலே கம்பளியும், தலையோடு முகத்தையும் சுற்றிய துண்டும்தான் எங்கள் கோலம். என் கையில் தடி. பேச்சிமுத்து அண்ணனிடம் கம்பளிக்குள் மஸ்கட் துப்பாக்கி. வண்டி வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. யாராவது குரல் கொடுத்தால்கூடப் பதில் சொல்லாதீர்கள், சத்தம் கேட்டால் வண்டி திரும்பிவிடும் என்று ஏட்டையா இரண்டு தடவை சொன்னார்.

பேச்சிமுத்து அண்ணன் திருநெல்வேலிக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இந்தக் குளிரும் அவருக்கு ஆகவில்லை, இங்கே பேசும் தெலுங்கும் கன்னடமும் அவருக்குப் பிடிபடவில்லை. “இது என்ன ஊருவே, ஒரு வீட்டுக்குள்ளயே மூணு பாஷ பேசுதாவ” என்று அலுத்துக்கொள்வார்.

களத்துமேட்டை நெருங்கும்போது பனி எப்படி இருந்தது என்றால், என் தடியின் நுனி எனக்குத் தெரியவில்லை. ராகிப் போர் ஒன்று கறுப்பாக நின்றது மட்டும் தெரிந்தது. அதன் மறைவில் உட்கார்ந்தால் வண்டித்தடத்தைப் பார்க்கலாம். நான் முன்னால் நடந்தேன்.

அப்போது குரல் வந்தது.

“எவரய்யா அக்கட?”

யார் அங்கே என்று தெலுங்கில். நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் களம் காக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, தம்பிகளே. எல்லை நிலம் என்பதால் வருகிறவன் எந்தப் பாஷைக்காரன் என்று தெரியாது. அதனால் கல்லை எறிவதற்கு முன்னாலும், வேட்டு வைப்பதற்கு முன்னாலும் மூன்று பாஷையிலும் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பதில் சொல்ல அவகாசம் விடுவார்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் வந்தவன் திருடன். எனக்கு இது தெரியும், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிறந்தவன்தானே. பேச்சிமுத்து அண்ணனுக்குத் தெரியாது. அவர் காதுக்கு அது யாரோ புரியாத பாஷையில் அதட்டியதாகத்தான் கேட்டிருக்கும்.

“யாரப்பா அல்லி?”

கன்னடத்தில் இரண்டாவது ஆயிற்று. உத்தரவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பனி கொஞ்சம் நகர்ந்தது. போரின் பக்கத்தில் கம்பளி போர்த்திய ஒருவர் நின்றிருந்தார். கையில் மருந்து கிட்டித்துச் சுடும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார்களே, அது. குழல் என் நெஞ்சைப் பார்த்திருந்தது.

“யாருடா அது? சொல்லிடு.”

மூன்றாவது. இதற்குமேல் அவர் கேட்கமாட்டார். உத்தரவாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன்.

“போலீசுங்க. நாங்க போலீசு.”

குழல் அசையவில்லை.

“போன வாரம் அந்தக் கொல்லையில ராகி மூட்டையெல்லாம் அள்ளிக்கினு போனானுங்களே, அவனுங்களும் இதையேதான் சொன்னானுங்கோ. சாராய சோதனைன்னு.”

இடுப்பில் விசில் இருந்தது. எடுத்து ஊதினால் நம்புவார் என்று தோன்றியது. கை அரைச்சாண் நகர்ந்திருக்கும். அங்கேதான் என் சுபாவம் எனக்கு உதவியது. எதிலும் கெட்டதையே முதலில் நினைக்கிறவன் ஆகையால், இடுப்புக்குப் போகிற என் கையை நான் அவருடைய கண்ணால் பார்த்துவிட்டேன். முகத்தைத் துண்டால் மூடியவன், கையில் தடி வைத்திருப்பவன், மூன்று முறை கேட்டும் வாய் திறக்காதவன், இப்போது இடுப்பில் எதையோ தேடுகிறான். அவர் இடத்தில் நான் நின்றால் என்ன நினைப்பேன்? கத்தி என்றுதான் நினைப்பேன். சுடுவேன்.

கையை அப்படியே நிறுத்தி, விரலை விரித்து, வெளியே நீட்டினேன். தடியைக் கீழே போட்டேன்.

அதே நேரம் எனக்குப் பின்னால் மஸ்கட்டின் போல்ட் இழுபடும் சத்தம் கேட்டது.

அந்தக் கணத்தைப் பிறகு எத்தனையோ முறை சட்டத்தை வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். களத்தில் நின்றவர் எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. போலீஸ்காரர் தன் கடமையைச் செய்யும்போது அவரை எதிர்த்துத் தற்காப்பு உரிமை கிடையாதுதான். ஆனால் வந்தவர் போலீஸ் என்று தெரிந்தால்தான், தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் உரிமை இல்லை என்றும் சட்டம் சொல்கிறது. அவர் எதிரே நின்றதே அதிகாரிதான், அது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் பேச்சிமுத்து அண்ணனுக்கும் உரிமை இருந்தது. கூட வந்தவன் உயிருக்கு ஆபத்து. எதிராளி தவறாக நினைத்துக்கொண்டு சுட வந்தாலும் தடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆக, அன்றைக்கு அந்தக் களத்தில் யார் யாரைச் சுட்டிருந்தாலும் யாரும் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டார்கள். எங்கள் வீடுகளில் மட்டும் ஒப்பாரி கேட்டிருக்கும்.

போல்ட் சத்தம் அவருக்கும் கேட்டுவிட்டது.

“உம் பின்னால எத்தினி பேரு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நிறையப் பேர் என்று சொன்னால் பயந்துவிடுவாரோ? பயந்தவர்தான் சுடுவார். அது எனக்குத் தெரியாதா என்ன.

“ஒருத்தருங்க. அவரும் போலீசுதான்.”

அவர் அதற்குச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“போலீசுன்னா உக்காரு. ரெண்டு பேரும் உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல விடிஞ்சிரும், மூஞ்சியப் பாத்துக்கலாம். திருடன்னா விடியறவரைக்கும் உக்கார மாட்டான், ஓடிருவான். போலீசுக்கு என்னா அவசரம்?”

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தேன். பின்னால் பேச்சிமுத்து அண்ணன் முணுமுணுத்தார்.

“நா எதுக்குவே உக்காரணும்? அவன உக்காரச் சொல்லு.”

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், உக்காருங்க.”

உட்கார்ந்தார். மஸ்கட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்தவரும் மெதுவாகப் போரில் சாய்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கி மடியில். குழல் இன்னும் எங்கள் பக்கம்தான். ஆனாலும் உட்கார்ந்த மூன்று பேரைப் பார்த்தால் ஏதோ பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

குளிர் எலும்புக்குள் போயிற்று. பேச்சிமுத்து அண்ணனுக்குத் தும்மல் வந்துவிட்டது. பெரிய தும்மல். இரண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது களத்துக்காரர், “தலையில நல்லா துண்டு கட்டணும் சாமி, இந்தூர் பனி அப்படி” என்றார். அந்த ‘சாமி’யில்தான் எனக்கு மூச்சு திரும்பியது. திருடனை யாரும் சாமி என்று கூப்பிடமாட்டார்கள். பாதி நம்பிவிட்டார்.

அப்போது வண்டித்தடத்தில் சக்கரம் கிரீச்சிட்டது. மணிச் சத்தம் இல்லை. நாங்கள் தேடி வந்த வண்டிதான், சந்தேகமே இல்லை.

பேச்சிமுத்து அண்ணன் என் காதருகே வந்தார். “வண்டி போவுது தம்பி. சத்தத்தக் குறிவச்சு ஒண்ணு போடட்டா?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். களத்துக்காரர் அங்கே இல்லாவிட்டாலும் அது கூடாது. கைது செய்யப்போகும் ஆள் ஓடினால் பிடிக்கலாம், மடக்கலாம். கொல்லலாம் என்றால், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்பட்டவனாக இருக்க வேண்டும். சாராயப் பானைக்கு அந்தத் தண்டனை இல்லை. வண்டியை ஓட்டுகிறவன் யார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

களத்துக்காரருக்கும் சத்தம் கேட்டது.

“அதைத்தான் தேடி வந்தீங்களா?”

“ஆமாங்க.”

“போவட்டும். உக்காரு.”

நாங்கள் விசில் ஊதாததால் ரோட்டில் நின்ற ஜீப்புக்கும் தெரியாமல் வண்டி போயிற்று. நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

கிழக்கே வெளுத்து, பனி புகை மாதிரி மேலே எழும்பியது. முதலில் அவர் கால் தெரிந்தது, பிறகு துப்பாக்கி, பிறகு முகம். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை. நான் மெதுவாகத் துண்டை அவிழ்த்தேன். உற்றுப் பார்த்தார்.

“நீ பேரிகை சந்தையில சீட்டி ஊதிக்கினு நிப்பியே, அவந்தானே?”

“அவந்தாங்க.”

துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் பெயர் முனியப்பா. அந்தப் போரில் இருந்த ராகிதான் அவர் வீட்டில் அடுத்த அறுப்புவரை சாப்பாடு.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். வண்டி தப்பிப் போன கோபத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முனியப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் செய்தார். துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார். கடமையில் இருந்த போலீஸ்காரர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்ததாக வழக்கு, லைசென்ஸ் ரத்து என்று பேச்சு ஓடியது. அவர் மனைவி ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் நின்றிருந்தார். களத்தில் காவல் இல்லாமல் போரை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்ற கவலைதான் அந்த அம்மாள் முகத்தில் தெரிந்தது. கவலைப்பட்ட முகம் எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

மத்தியானம் டி.எஸ்.பி. வந்தார். எங்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். வரிசையில் நிற்கும்போது என் கவலைகளை எண்ணினேன். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கிறார். வேலை போய்விட்டால் வீட்டுக்கு என்ன சொல்வது? மாற்றல் போட்டால் எந்த ஊர்? இப்படி ஒரு பத்து கவலை. ஆனால் அந்தப் பத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், காலையில் அந்தக் குழலுக்கு எதிரே பட்ட பயத்தில் கால்வாசிகூட இல்லை. இதுவும் முனியப்பா எனக்குச் செய்த உதவிதான்.

நடந்ததைச் சொன்னேன். மூன்று முறை கேட்டார் என்றேன். முதல் இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இருந்தோம், அப்படித்தான் உத்தரவு என்றேன். டி.எஸ்.பி. நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் உங்களைச் சுட்டிருந்தா?”

“ஐயா, அவர் எடத்துல நான் இருந்திருந்தா, மூணாவது கேள்விக்கே போயிருக்கமாட்டேன்.”

அடுத்து பேச்சிமுத்து அண்ணன். துப்பாக்கியை நீட்டுகிறவனைக் கண்டும் நீ ஏன் சுடவில்லை என்று டி.எஸ்.பி. கேட்டார்.

“சுடத்தான்யா நெனச்சேன். அதுக்குள்ள மூணு பேரும் உக்காந்துட்டோம். உக்காந்திருக்கவன எப்படிய்யா சுடுதது?”

டி.எஸ்.பி. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது கடைசியில் தமிழில் சொன்னதுதான். “உன் ஆளுங்க யாருன்னு சொல்லாதவரைக்கும் அவங்க அந்த ஆளுக்கு வெறும் ஆளுங்கதான்யா.” வழக்கு இல்லை. துப்பாக்கியை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டேஷனிலிருந்து போன எந்த மப்டிக் கூட்டத்திலும் ஒருவராவது சட்டை தொப்பியோடு இருப்பது வழக்கமாயிற்று. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதும்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, மப்டியோ உடுப்போ, எந்த வீட்டு வாசலிலும் எந்தத் தோட்டத்து வேலியிலும் நான் குரல் கொடுக்காமல் கால் வைத்ததில்லை. மூன்று பாஷையிலும் கொடுத்திருக்கிறேன். சில திருடர்கள் அதனால் தப்பியும் இருக்கிறார்கள். அவர்களைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ஒருமுறை கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் அரிவாளோடு நின்ற ஒருவனிடம், மஸ்கட்டைக் கீழே தாழ்த்தி, “உக்காருப்பா, நானும் உக்காந்துக்கறேன்” என்று சொன்னேன். உட்கார்ந்தான். எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. உட்காராமல் பாய்கிறவன் உண்டு, அப்போது சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் உட்காரச் சொல்லிப் பார்க்க அவகாசம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பயத்தைப் பற்றியும் வெட்கப்படாதீர்கள். அதைக் கொஞ்சம் எதிராளியின் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

முனியப்பாவின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் போனபோது போர் அப்படியே இருந்தது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவர் மனைவி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குள் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்காவிட்டால் தூக்கம் வராது, என் சுபாவம் அது.

“ஏங்க, காலையில நான் உக்காராம இடுப்புல கை வச்சிருந்தா?”

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தார்.

“சுட்டிருப்பேன்” என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, “இன்னொரு உருண்டை போடு, நல்லா சாப்பிடட்டும்” என்றார்.